தாளில்லா ஜியோகேச்சிங்: கைக்கருவி தகராறு செய்தால் எங்கிருந்து பார்ப்பது?

ஜிபிஎஸ் கைக்கருவி காட்டும் ஆள்கூற்றை வைத்து, பிறர் மறைத்துவைத்த சிறு பெட்டிகளைத் தேடிக் கண்டெடுக்கும் விளையாட்டு ஜியோகேச்சிங்; அந்தப் பெட்டிதான் கேச். கேச் விவரங்களை அச்சடித்து எடுத்துப் போகாமல், விளக்கம், குறிப்பு, பிறர் எழுதிய பதிவுகள் என எல்லாவற்றையும் கைக்கருவிக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு கிளம்புவதுதான் தாளில்லா ஜியோகேச்சிங். டொராண்டோ பக்கம் புதிதாகத் தொடங்கும் நம்மவர்கள் பலர், யாரோ பயன்படுத்திய கார்மின் ஈட்ரெக்ஸ் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வந்த வேகத்தில் "கருவி பழுது" என்றும் சொல்கிறார்கள். ஒரே மாதிரியான கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பெரும்பாலும் பழுது கருவியில் இருப்பதில்லை. ஏற்றிய கோப்பிலோ யாரோ மாற்றிவைத்த ஓர் அமைப்பிலோ இருக்கிறது. புதுக் கருவி வாங்கும் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு, உங்களுக்கு நேர்ந்த அறிகுறி கீழே எதுவோ அதற்கு நேராகப் போய்விடுங்கள்.

இங்கே சொல்வது ஈட்ரெக்ஸ் 20, 30 வரிசையையும் அவற்றுக்குப் பின் வந்த 20எக்ஸ், 30எக்ஸ், 22எக்ஸ், 32எக்ஸ் கருவிகளையும் மனத்தில் வைத்து எழுதியது. ஆரிகன், ஜிபிஎஸ்மேப் 62, 64 வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மெனுவில் பெயர்கள் சற்று மாறியிருக்கலாம்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை: கருவியைக் கணினியில் இணைத்து, அதிலுள்ள 'கார்மின்' கோப்புறை முழுவதையும் அப்படியே கணினியில் நகலெடுத்து வையுங்கள். பிறகு எது தவறினாலும் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கும்.

## கணினியில் செருகினால் கருவி தெரியவில்லை

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஈட்ரெக்ஸ் 20, 30 வரிசைக்கு வேண்டியது மினி யுஎஸ்பி. இழுப்பறையில் கிடக்கும் பழைய கேபிள்களில் சில மின்சாரத்தை மட்டும் கடத்துபவை. கருவியின் விளக்கு எரியும், கணினிக்கு ஒன்றும் தெரியாது. தகவலையும் கடத்தும் என்று உறுதியாகத் தெரிந்த கேபிள் ஒன்றைக் கடன் வாங்கியாவது சோதியுங்கள். நடுவில் யுஎஸ்பி ஹப் இருந்தால் அதை விலக்கிவிட்டு, நேரே கணினியில் செருகுங்கள்.

கேபிள் சரி, ஆனால் திரையில் வழக்கமான பக்கமே ஓடுகிறது, கணினியில் இயக்கி (டிரைவ்) எதுவும் தோன்றவில்லை என்றால், செட்டப், சிஸ்டம், இன்டர்ஃபேஸ் என்று போய்ப் பாருங்கள். 'கார்மின் ஸ்பானர்' என்று இருந்தால், செருகும்போது மாஸ் ஸ்டோரேஜுக்கு, அதாவது கணினியில் ஓர் இயக்கியாகத் தெரியும் நிலைக்கு, போகவா என்று கருவி கேட்கும். 'ஆம்' என்று சொல்ல வேண்டும். கவனிக்காமல் 'இல்லை' கொடுத்தவர்கள் ஏராளம்.

புதிய கருவிகள் சில, இயக்கியாகத் தோன்றாமல் கோப்புகளை மட்டும் பரிமாறும் எம்டிபி முறையில் இணைபவை. விண்டோஸில் அவை சிக்கலின்றித் திறக்கும். மேக் கணினியில் தனி மென்பொருள் இல்லாமல் தெரியாது. அது பழுதன்று.

வேறு கேபிள், வேறு கணினி, சரியான அமைப்பு மூன்றும் இருந்தும் தெரியவில்லை, அல்லது செருகியை லேசாக ஆட்டும்போது இணைப்பு வந்து வந்து போகிறது என்றால் யுஎஸ்பி வாய் தளர்ந்திருக்கிறது. அதைத் திறந்து ஈயப்பற்று வைக்கும் முயற்சி வேண்டாம்; தண்ணீர் புகாமல் காக்கும் மூடல் போய்விடும். சேவை மையத்துக்கு உரிய வேலை அது.

## கோப்பைப் போட்டாயிற்று, கேச் பட்டியல் காலியாக இருக்கிறது

என்னிடம் வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள். வரிசையைத் தாண்டினால் வீண் அலைச்சல்.

ஜிப் கோப்பைப் பிரித்தீர்களா? ஜியோகேச்சிங்.காம் தளத்தில் நாம் கேட்கும் கேச்களை மொத்தமாகத் தொகுத்துத் தரும் பாக்கெட் கொயரி ஒரு ஜிப் கோப்பாக இறங்கும். அதை அப்படியே கருவியில் போட்டால் ஈட்ரெக்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காது. பிரித்தால் உள்ளே, கருவி படிக்கும் வடிவமான ஜிபிஎக்ஸில் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று கேச்களுக்கானது. பெயரின் முடிவில் 'டபிள்யூபிடிஎஸ்' என்று வருவது கார் நிறுத்துமிடம், பாதையின் தொடக்கம், பல கட்டக் கேச்சின் இடைநிலைகள் ஆகியவற்றுக்கானது. இரண்டையும் போடுங்கள். ரூஜ் பூங்காவைப் போல நுழைவாயில்கள் தூரந்தூரமாக உள்ள இடங்களில், இந்த இரண்டாவது கோப்பு இல்லாமல் போனால் பள்ளத்தாக்கின் தவறான கரையில் போய் நிற்பீர்கள்.

சரியான கோப்புறையா? 'கார்மின்' கோப்புறைக்குள் இருக்கும் 'ஜிபிஎக்ஸ்' கோப்புறைதான் இடம். மெமரி கார்டில் வைப்பதானால் அதிலும் அதே பெயர்களில் அதே அமைப்பு இருக்க வேண்டும். வேர்க் கோப்புறையில் போட்டதைக் கருவி தேடிப் போய்ப் படிக்காது.

முறையாகத் துண்டித்தீர்களா? கணினியில் 'வெளியேற்று' கொடுக்காமல் கேபிளைப் பிடுங்கினால் கோப்பு பாதியில் நின்றிருக்கலாம். மீண்டும் நகலெடுத்துப் பாருங்கள்.

வடிகட்டி ஏதாவது போட்டிருக்கிறதா? பழைய கருவி என்றால் முந்தைய உரிமையாளர் கடினம் ஒன்று, நிலம் ஒன்று (தேடுவதும் போய்ச் சேர்வதும் எவ்வளவு சிரமம் என்பதற்கான தரப்புள்ளிகள்) என்று வடிகட்டி வைத்திருப்பார்; உங்கள் கேச்கள் எல்லாம் அதற்கு மேற்பட்டவையாக இருக்கும். செட்டப்பில் ஜியோகேச் பகுதிக்குப் போய் வடிகட்டிகளை நீக்குங்கள். பட்டியல் 'கண்டெடுத்தவை' என்ற நிலையில் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேச்களுக்குப் பதிலாகக் குறியிடங்கள் வந்திருக்கின்றனவா? வேபாயின்ட் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கேச்கள் அங்கே வெறும் கொடிகளாக நின்றால் கோப்பின் வகை தவறு. நீங்கள் ஏற்றியது, பெயரும் ஆள்கூறும் மட்டும் உள்ள எல்ஓசி கோப்பிலிருந்து மாற்றியதாக இருக்கும். ஜிபிஎக்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்து, தளத்தை நடத்தும் நிறுவனத்தின் பெயரான 'கிரவுண்ட்ஸ்பீக்' (Groundspeak) என்ற சொல் ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் அந்தக் கோப்பில் ஆள்கூறுகள் மட்டுமே உள்ளன. எத்தனை முறை ஏற்றினாலும் விளக்கம் வரப்போவதில்லை.

அளவுக்கு மீறி ஏற்றிவிட்டீர்களா? ஒரு பாக்கெட் கொயரியில் அதிகம் 1000 கேச்கள் வரும். ஒன்றிரண்டு கோப்புகளோடு நின்றால் சிக்கல் இல்லை. ஒன்டாரியோ முழுவதையும் ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசையில் கோப்புகளைக் குவித்தால், கருவி தன் எல்லையைத் தாண்டியவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இடைநிலைக் குறிகளுக்கும் ஈட்ரெக்ஸ் 20, 30 கருவிகளில் 2000 என்ற வரம்பு உண்டு. அந்த வார இறுதியில் போகப்போகும் வட்டாரத்தை மட்டும் ஏற்றுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. கருவியும் வேகமாக ஓடும், தகவலும் புதிதாக இருக்கும்.

இதன் மறுபக்கம் ஒன்றும் உண்டு: பட்டியலில் இருக்கிறது, இடத்தில் இல்லை. போன ஆண்டின் கோப்பு இன்னும் உள்ளே கிடந்தால், நிரந்தரமாக மூடப்பட்ட கேச்களும் அப்படியே காட்டப்படும். புதுக் கோப்பு அவற்றை அழித்துவிடாது. புதியதைப் போடும்போது பழையதை நீக்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

## கேச் இருக்கிறது, விளக்கமும் குறிப்பும் இல்லை

பெயரும் ஆள்கூறும் மட்டும் தெரிந்தால் மேலே சொன்ன எல்ஓசி விவகாரமேதான். பாக்கெட் கொயரி கட்டண உறுப்பினர்களுக்கு மட்டும் உரியது. தாளில்லாமல் போவதென்று முடிவு செய்துவிட்டால் அந்தச் செலவு பயனுள்ளது என்று தயங்காமல் சொல்வேன்.

விளக்கம் இருக்கிறது, படங்கள் இல்லை என்றால் கவலை வேண்டாம். பக்கத்தில் உள்ள படங்கள் ஜிபிஎக்ஸ் கோப்போடு வருவதில்லை. புதிர்க் கேச்களில் விடையே படத்தில்தான் இருக்கும். அவற்றை வீட்டிலேயே தீர்த்து, திருத்திய ஆள்கூற்றோடு போவதே வழி.

எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால், அந்த எழுத்துருவைக் கருவி அறியாது என்று பொருள். நீங்கள் தமிழில் எழுதிவைத்த சொந்தக் குறிப்புகளுக்கும் இதே கதிதான். அவற்றை ரோமன் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஏதாவது ஒரு கேச்சைத் திறந்து, அதன் விளக்கம், குறிப்பு, கடைசிப் பதிவு மூன்றையும் திரையில் படித்துவிடுங்கள். இந்த ஒரு சோதனை, இதுவரை சொன்ன கோளாறுகளில் முக்கால்வாசியை வீட்டிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

## கருவி ஆன் ஆகும்போதே உறைந்து நிற்கிறது

திரையில் 'குறியிடங்கள் ஏற்றப்படுகின்றன' என்ற பொருளில் ஒரு வரி வந்து அங்கேயே நிற்கும். அல்லது ஆன் ஆகி, அணைந்து, மீண்டும் ஆன் ஆகும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் இதற்குக் காரணம் பெரும்பாலும் சிதைந்த ஒரு ஜிபிஎக்ஸ் கோப்பு. கருவி அதைப் படிக்கத் தொடங்கி, முடிவைக் காணாமல் தடுமாறுகிறது.

1. நிறையக் கோப்புகளை இப்போதுதான் ஏற்றினீர்கள் என்றால், முதல் முறை நேரம் எடுக்கும். புது பேட்டரி போட்டு, சில நிமிடங்கள் தொடாமல் விடுங்கள்.

2. அப்படியே நின்றால் அணைத்து, பேட்டரியை எடுத்து, மெமரி கார்டை வெளியே எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது நல்லபடியாக ஓடினால் குற்றவாளி கார்டில் இருக்கிறது. கார்டைக் கணினியில் போட்டு ஜிபிஎக்ஸ் கோப்புகளை நீக்குங்கள். அதன் பிறகும் அதே கார்டு தொல்லை கொடுத்தால் கார்டை மாற்றுங்கள், செலவு அதிகமில்லை.

3. கார்டு இல்லாமலும் உறைகிறது என்றால் கோப்பு உள் நினைவகத்தில் இருக்கிறது. சாதாரணமாக இணைத்தால் கருவி மறுபடி அதே இடத்தில் சிக்கும். ஆகவே ஈட்ரெக்ஸில் குமிழை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தபடியே கேபிளைச் செருகுங்கள். ஜிபிஎஸ்மேப் என்றால் மேல் அம்புப் பொத்தான். அரை நிமிடம்வரை விடாமல் பிடிக்க வேண்டியிருக்கலாம். கருவி முழுதாக எழாமலேயே கணினியில் ஓர் இயக்கியாகத் தோன்றும். 'ஜிபிஎக்ஸ்' கோப்புறையில் நீங்கள் ஏற்றியவற்றை நகலெடுத்துவிட்டு நீக்குங்கள்.

4. மேக் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். அங்கே கோப்பை நீக்கினால் அது கருவியிலேயே ஒரு மறைவான குப்பைக் கோப்புறைக்குப் போய் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். கருவி இணைந்திருக்கும்போதே குப்பையைக் காலி செய்யுங்கள்.

இப்போது ஆன் ஆகிவிட்டதா? நீக்கிய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு முறையும் ஆன் செய்து பாருங்கள். எது வந்ததும் உறைகிறதோ அதைத் தளத்திலிருந்து மீண்டும் இறக்குங்கள். நல்ல கோப்பின் கடைசி வரி 'ஜிபிஎக்ஸ்' என்ற மூடும் குறியோடு முடிந்திருக்கும். நடுவாக்கியத்தில் அறுந்திருந்தால் அது பாதியில் இறங்கிய கோப்பு.

முழு மீட்டமைப்பைக் கடைசிக்கு வையுங்கள். அது உங்கள் குறியிடங்களையும் அமைப்புகளையும் துடைத்துவிடும். எல்லாக் கோப்புகளையும் எடுத்து, மீட்டமைத்து, கருவியின் உள் மென்பொருளான ஃபார்ம்வேரையும் புதுப்பித்த பிறகும் எழவில்லை என்றால் உள் நினைவகமே போயிருக்கலாம். அங்கேயே நிறுத்திக்கொண்டு உற்பத்தியாளரின் சேவைப் பிரிவை அணுகுங்கள்.

## அம்புக்குறி வேறு திசையைக் காட்டுகிறது

காட்டுப் பாதையில் நிற்கிறீர்கள். கேச் வடக்கே நாற்பது மீட்டர். அம்பு வந்த வழியே திரும்பிப் போகச் சொல்கிறது. திசைகாட்டியைக் குறை சொல்லுமுன் செட்டப்பில் ரூட்டிங் பகுதியைத் திறந்து பாருங்கள். சாலை வழி என்று அமைந்திருந்தால், அம்பு கேச்சைக் காட்டாது, சாலையில் அடுத்த திருப்பத்தைக் காட்டும். 'ஆஃப் ரோடு' அல்லது 'டைரக்ட்' என்று மாற்றுங்கள். சாலையோடு ஒட்டவைக்கும் 'லாக் ஆன் ரோடு' அமைப்பையும் அணையுங்கள். கார் ஓட்டும்போது அது உதவும். நடக்கும்போது நீங்கள் நிற்கும் இடத்தையே இழுத்துச் சாலைமேல் வைத்துவிடும்.

அமைப்பு சரியாக இருந்தும் அம்பு சுற்றிச் சுற்றி வந்தால், உங்கள் கருவி எது என்று பாருங்கள். ஈட்ரெக்ஸ் 20 வகையில் காந்தத் திசைகாட்டி கிடையாது. நீங்கள் நடந்தால்தான் திசை அதற்குத் தெரியும். நின்ற இடத்தில் அம்பைப் பார்த்துப் பயனில்லை, பத்தடி நடந்து பாருங்கள். ஈட்ரெக்ஸ் 30 வகையில் திசைகாட்டி உண்டு. பேட்டரி மாற்றியதும், காரிலிருந்தும் இரும்பு வேலியிலிருந்தும் தள்ளி நின்று, திரை சொல்கிறபடி சுழற்றி அளவுதிருத்தம் செய்யுங்கள். காந்தப் பூட்டுள்ள கைப்பேசி உறை பக்கத்திலேயே இருந்தாலும் கணக்குத் தவறும்.

## இடம் தள்ளிக் காட்டுகிறது

தள்ளல் எவ்வளவு என்பதைப் பொறுத்துக் காரணம் வேறு.

நூறு மீட்டருக்கு மேல்: ஆள்கூற்றைக் கையால் அடித்தீர்களா? ஜியோகேச்சிங் பயன்படுத்துவது பாகையும் பின்ன நிமிடமும் கொண்ட முறை. வடக்கு 43° 46.500 என்பதில் அந்த .500 அரை நிமிடம், அதாவது 30 விநாடி. அதை 46 நிமிடம் 50 விநாடி என்று ஏற்றினால் 20 விநாடி கூடிவிடும். தரையில் அது 600 மீட்டருக்கும் மேல். செட்டப்பில் 'பொசிஷன் ஃபார்மட்' பகுதியில் பாகையும் பின்ன நிமிடமும், 'மேப் டேட்டம்' டபிள்யூஜிஎஸ் 84 என்றும் இருக்க வேண்டும். கோப்பாக ஏற்றிய கேச்களுக்கு இந்தச் சிக்கல் வராது. பல கட்டக் கேச்களில் நடுவில் கையால் அடிக்கும் இடத்தில்தான் வரும்.

பத்துப் பதினைந்து மீட்டர்: பழுதே இல்லை. திறந்த வெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டர் துல்லியம் கிடைத்தால் நல்ல நாள். அடர்ந்த மேப்பிள் மரங்களுக்குக் கீழும், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும், பள்ளத்தாக்கின் சரிவிலும் சமிக்ஞை எங்கோ பட்டுத் திரும்பி வருகிறது. மறைத்துவைத்தவரின் கருவிக்கும் அதே தடுமாற்றம் இருந்திருக்கும். பதினைந்து மீட்டருக்குள் வந்ததும் திரையை விட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள், குறிப்பைப் படியுங்கள், கடைசிப் பதிவுகளைப் பாருங்கள். தாளில்லாமல் இவ்வளவையும் ஏற்றிக்கொண்டு வந்தது இந்த இடத்துக்காகத்தானே.

ஸ்கார்பரோ பிளஃப்ஸ் ஓரம் தேடுபவர்களிடம் இதை மன்றாடியே கேட்கிறேன். அங்கே எட்டு மீட்டர் பிழை என்பது செங்குத்தான, அரித்துக்கொண்டே இருக்கும் மண்சரிவின் விளிம்பைத் தாண்டியும் இருக்கலாம். அம்பு விளிம்புக்கு அப்பால் காட்டினால் வேலிக்கு உள்ளேயே நில்லுங்கள்.

## செயற்கைக்கோள் பிடிக்கவில்லை

பல மாதம் அணைத்து வைத்திருந்தது, அல்லது கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ விமானத்தில் இப்போதுதான் வந்தது என்றால், கருவி பழைய இடத்துக்குரிய வானத்தில் தேடிக்கொண்டிருக்கும். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையை வானிலிருந்து வாங்கிக்கொள்ள மட்டுமே 12.5 நிமிடம் ஆகும். திறந்த வெளியில் அசையாமல் அரை மணி வையுங்கள். காருக்குள்ளோ பால்கனியிலோ வைத்துப் பார்த்துவிட்டுப் பழுது என்று முடிவு செய்யாதீர்கள். சிஸ்டம் அமைப்பில் 'டெமோ' நிலையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடையில் காட்சிக்கு இருந்த கருவிகளில் இது நடக்கும்.

திறந்த வெளியில் ஒரு மணி நேரம் வைத்தும் செயற்கைக்கோள் பக்கத்தில் ஒரு கம்பிகூட எழவில்லை என்றால் ஆன்டெனா கோளாறு. வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

## பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, அல்லது கருவி திடீரென்று அணைகிறது

போட்டிருக்கும் வகையும் அமைப்பில் உள்ள வகையும் ஒன்றா? ஆல்கலைன், லித்தியம், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மூன்றும் அங்கே தனித்தனி. தவறாக இருந்தால் பாதி மின்சாரம் இருக்கும்போதே தீர்ந்தது என்று எச்சரிக்கும். கனடாவின் சனவரியில் ஆல்கலைன் பேட்டரி நம்பத்தக்கதன்று. ஒரு முறை மட்டும் பயன்படும் 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ போடுங்கள், கூடுதலாக ஒரு சோடியைச் சட்டையின் உட்பையில் வையுங்கள்.

ஒரு கடும் எச்சரிக்கை: 14500 என்ற எண்ணோடு விற்கும் 3.7 வோல்ட் மின்கலம் ஏஏ அளவிலேயே இருக்கும். அதைப் போட்டால் கருவியின் உயிரே போய்விடும்.

அதிர்வில் அணைகிறது என்றால் பேட்டரி தொடும் தகடுகளைப் பாருங்கள். வெள்ளை அல்லது பச்சைப் படிவு இருந்தால், பஞ்சுக்குச்சியில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். தகடு அரித்து உடைந்திருந்தால் சேவை மையம்தான்.

## கண்டெடுத்த பதிவுகள் தளத்தில் ஏறவில்லை, அல்லது தேதி தவறு

கருவியில் 'கண்டெடுத்தேன்' என்று குறித்ததெல்லாம் 'கார்மின்' கோப்புறையில் 'ஜியோகேச் விசிட்ஸ்' என்ற உரைக்கோப்பில் சேர்கிறது. தளத்தின் 'டிராஃப்ட்ஸ்' பகுதியில் அந்தக் கோப்பைத்தான் ஏற்ற வேண்டும். கேச் கோப்பை ஏற்றினால் ஒன்றும் நடக்காது. நோட்பேடில் திறந்து திருத்திச் சேமிக்காதீர்கள். குறியேற்றம் மாறிவிட்டால் தளம் படிக்க மறுக்கும். பழைய பதிவுகள் மீண்டும் மீண்டும் வந்தால், ஏற்றும்போது 'இந்தத் தேதிக்கு முந்தையவற்றை விடு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அல்லது ஏற்றி முடித்ததும் கோப்பை நகலெடுத்துவிட்டுக் கருவியிலிருந்து நீக்குங்கள்.

தேதி ஒரு நாள் மட்டும் முன்னே போனால், கோப்பில் நேரம் உலகப் பொது நேரப்படி பதிவாவதுதான் காரணம். டொராண்டோவில் கோடையில் மாலை எட்டு மணிக்கும், குளிர்காலத்தில் ஏழு மணிக்கும் பிறகு எடுத்த கேச்களுக்கு அடுத்த நாள் தேதி விழலாம். பதிவை வெளியிடும்போது கையால் மாற்றுங்கள்.

தேதி இருபது ஆண்டு பின்னால் போயிருந்தால் அது வேறு. ஜிபிஎஸ் அமைப்பின் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 அன்று திரும்பியது. ஃபார்ம்வேரைப் புதுப்பித்தால் சரியாகலாம். அந்த மாடலுக்குப் புதுப்பிப்பே வரவில்லை என்றால், இடம் சரியாகக் காட்டும்வரை கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

## சேவை மையத்துக்கு அனுப்புமுன்

யுஎஸ்பி வாய் ஆட்டம், செத்த ஆன்டெனா, திரைக்குள் ஈரம், உடைந்த தகடு, மீட்டமைத்தும் எழாத கருவி ஆகிய ஐந்துக்கு மட்டும்தான் அனுப்பச் சொல்வேன். வாரண்டி முடிந்திருந்தால் கட்டணத்தை முதலில் கேளுங்கள். பயன்படுத்திய ஈட்ரெக்ஸ் ஒன்றின் சந்தை விலையில் பாதிக்கு மேல் போனால், பழுது பார்ப்பதைவிட மாற்றுவதே மேல்.

மாற்றும்போது ஊருக்கு எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஜிபிஎஸ்மேப் 66i மாடலைப் போல, இன்ரீச் என்ற செயற்கைக்கோள் செய்தி வசதியுள்ள கருவிகளை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே தடுத்து வைக்கப்படலாம். செயற்கைக்கோள் சமிக்ஞையை வாங்க மட்டும் தெரிந்த ஈட்ரெக்ஸ் அந்த வகையைச் சேர்ந்ததன்று.

அனுப்பும் பொட்டலத்தில் பேட்டரியும் மெமரி கார்டும் இருக்கக் கூடாது. கருவி இன்னும் கணினியில் திறக்கிறது என்றால் 'வீடு' என்று குறித்த இடத்தையும் நடந்த தடங்களையும் நீக்கிவிட்டுக் கட்டுங்கள்.